பகல் வேட்டைக்கு ஹாலிஸ் எடுத்துப்போன சாமான்கள்

செய்தி வந்தபோது காலை மணி எட்டு நாற்பது. ஹாலிஸ் பிரெக்கி பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, மஞ்சள் பேருந்தை லானியின் பட்டறையில் நிறுத்தி, பின்னிருக்கையில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. அக்கா தோரா.

“பொடியா, இன்னும் மூணு போச்சு.”

ஐம்பத்தெட்டு வயதுக்காரரைப் பொடியா என்று கூப்பிட மொன்டானா மாநிலம் முழுவதிலும் ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது.

“ராத்திரியா வந்துச்சு?”

“ராத்திரி பூரா விளக்கும் கையுமா நான்தான உக்காந்திருந்தேன். விடிஞ்சதும் ஒரு வாய் காப்பி குடிக்கலாம்னு உள்ள போனேன், அந்த நேரம் பாத்து வந்திருக்குதுங்க. பட்டப்பகல்ல! அதே ரெண்டு கயோட்டிங்கதான், ஜோடியா. விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி நிதானமா நடந்து வந்து, குட்டியத் தூக்கிட்டுப் போகுதுங்க.”

“மொத்தம் எத்தன ஆச்சு?”

“பதினாலு. ரெண்டு வாரத்துல பதினாலு குட்டி. கேளு, வெள்ளிக்கிழமை லாரி வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள இது நிக்கலன்னா மந்தைய மொத்தமா ஏத்தி அனுப்பிடுவேன். சும்மா மிரட்டுறேன்னு நெனைக்காத. எனக்கு முடியலடா.”

அன்று செவ்வாய்க்கிழமை, மார்ச் மாதம். தோராவிடம் இருந்தவை நூற்று முப்பது செம்மறிகள். அப்பா காலத்திலிருந்து அந்தச் சரிவில் மேயும் மந்தையின் வழி வந்தவை. அக்கா குரலில் அழுகை இல்லை என்பதுதான் ஹாலிஸைப் பயமுறுத்தியது. முடிவெடுத்துவிட்டவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

ஹாலிஸ் இந்த அக்டோபரில் இறந்துபோனார். காலையில் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் பேச்சு அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் வந்து நின்றது. ஒருவராலும் அதைச் சிரிக்காமல் சொல்லி முடிக்க முடியவில்லை.

ஊரில் மற்றவர்கள் கயோட்டி என்ற அந்தச் சிறு ஓநாயை வேட்டையாடப் போவது விடியலிலும் அந்தியிலும். அந்த இரண்டு வேளையும் ஹாலிஸ் பேருந்தில் இருப்பார். அவருக்கு வாய்த்தது காலை ஒன்பதிலிருந்து இரண்டே கால் வரைக்குமான வெட்டவெளிப் பகல். அந்த நேரத்தில் கயோட்டிகள் வயிறு நிறைந்து எங்காவது வெயில் பட்ட மேட்டில் படுத்திருக்கும். எளிதில் எழுந்து வராது. ஹாலிஸுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. உண்மையைச் சொன்னால், வேட்டையைவிட வேட்டைக்குச் சாமான் தேர்ந்தெடுப்பதுதான் அவருக்குப் பிடித்த காரியம். பட்டறையின் மூலையில் அவருக்கென்று ஓர் இரும்பு அலமாரி. அதைத் திறந்தால் ஏதாவது ஒன்று காலில் விழும். நான்கு குளிர்காலங்களில் அவர் வீழ்த்திய கயோட்டி ஒன்றே ஒன்று. அதுவும் பிக்கப் வண்டியின் முன்சக்கரத்தில் விழுந்தது.

அன்று அலமாரியை அவர் திறந்தபோது ஒரு பேருந்தின் அடியிலிருந்து லானி பெட்ராக்கின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. லானி மெக்கானிக். பேச வேண்டுமானால் வெளியே வரவேண்டும் என்ற அவசியம் அவருக்குக் கிடையாது.

“என்ன, வீடு மாத்துறியா?” என்றன பூட்ஸ்.

“தோரா வீட்டுக்குப் போறேன். கயோட்டி.”

“ஐயோ பாவம்.”

“தோராவா?”

“கயோட்டி. சிரிச்சே செத்துடும்.”

ஹாலிஸ் அலமாரிக்குள் கையை விட்டார். இன்று விளையாட்டில்லை என்று ஒவ்வொன்றாக யோசித்து எடுத்தார். ரைஃபிள் கட்டாயம். பகலில் வரும் கயோட்டி இருநூறு முந்நூறு அடி தள்ளியே நின்று நோட்டம் விடும். அதற்காக ரைஃபிளின் தொலைநோக்கியைத் திருகி, அதன் உச்ச அளவில் வைத்தார். ரைஃபிளைத் தாங்கப் பிடிக்க இரட்டைக் கோல். பைனாகுலர். காற்றின் திசை பார்க்க ஒரு சின்ன மாவுக் குப்பி. கயோட்டியை வரவழைக்க, முயலின் மரண ஓலத்தை எழுப்பும் ஒலிப்பெட்டி. அது மக்கர் பண்ணினால் இருக்கட்டும் என்று கழுத்துக் கயிற்றில் இரண்டு வாய் ஊதல்கள், ஒன்று முயல் போலக் கத்துவதற்கு, ஒன்று கயோட்டிக் குட்டி போலக் கத்துவதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தடித்த இருக்கை மெத்தை. பகல் வேட்டையில் ஓரிடத்தில் முக்கால் மணி நேரமாவது அசையாமல் உட்கார வேண்டும், கண் சலிப்பதற்கு முன்பே சலித்துப்போவது பின்புறம்தான்.

கடைசியாக, கிட்டத்தில் வருவதைச் சுடும் குட்டையான ரவைத் துப்பாக்கியையும் எடுத்தார்.

“அது எதுக்கு?” லானி இப்போது தலையை நீட்டியிருந்தார். “பகல்ல வந்து உன் மடியில உக்காருமா?”

“இருக்கட்டும்.”

“காப்பி மெஷின விட்டுட்டியே.”

பிறகு உடுப்பு. அலமாரியில் தலை முதல் கால் வரை மூடும் உடுப்புகள் இரண்டு தொங்கின. ஒன்று காய்ந்த புல் நிறம், ஒன்று வெள்ளை. ஹாலிஸ் பட்டறைக் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். மூன்று விரற்கடைப் பனி, கண் கூசும்படி. மேற்கே மலைகளுக்கு மேல் மேகம் ஒரு வில்லைப் போல வளைந்து நிற்க, அதற்கடியில் ஒரு கீற்று நீல வானம். அதையும் பார்த்தார். மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்றான சினூக் வரப்போகிறது, நல்லது, விரல் விறைக்காது என்று நினைத்துக்கொண்டார். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர் அந்த மேகவில்லைப் பார்த்துவிட்டு வெள்ளை உடுப்பை எடுத்தார் என்பதைத்தான் ஊர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்க” என்று வழியனுப்பினார் லானி.

தோராவின் நிலத்துக்கு முப்பது மைல். எதிரே வந்த நாலைந்து வண்டிக்காரர்கள் வழக்கம்போல வணக்கத்துக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்கள். வெள்ளை முக்காட்டுக்குள் இருப்பது யாரென்று புரிந்ததும் விரல் பாதியில் நின்றது. ஹாலிஸ் தன் பிக்கப் வண்டியைக் களஞ்சியத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு, அக்காவைக்கூடப் பார்க்காமல் சரிவேறினார். முதுகுக்கு ஒரு புதர், முதுகுப் பக்கம் வெயில், முகத்தில் காற்று. கீழே ஆடுகள், எதிரே வெயில் காயும் மேடு. இடத்தேர்வில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒலிப்பெட்டியை அறுபது அடி தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினார். அழுத்தினார். பெட்டிக்குப் புது பேட்டரி போட்டவர் ரிமோட்டுக்குப் போடவில்லை. சரி என்று வாய் ஊதலை எடுத்து முயலாகக் கத்தினார். பொறுத்தார். மறுபடி கத்தினார். காற்று வலுத்தது. வெதுவெதுவென்று இதமாக இருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. முதுகில் வியர்த்தது. பைனாகுலரை எதிர்மேட்டிலிருந்து எடுக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பொறுமை அவருக்கே பெருமையாக இருந்தது.

பதினொன்றே காலுக்குத் தொலைபேசி அதிர்ந்தது.

“பொடியா, எங்க பாத்துட்டிருக்க?” தோரா.

“எதிர்மேட்ட” என்று கிசுகிசுத்தார்.

“கொஞ்சம் குனிஞ்சு உன்னப் பாரு.”

ஹாலிஸ் குனிந்து பார்த்தார். சரிவு முழுவதும் பழுப்பாகக் கிடந்தது. ஈரப் புல், சேறு, கல். சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருந்த ஒரே வெள்ளை அவர்தான்.

“அடுப்படி ஜன்னல்லேந்து பாக்குறேன்டா. சாணி மேல முட்டைய வெச்ச மாதிரி இருக்கு.” மறுமுனையில் அக்கா சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். இரண்டு வாரமாகக் கேட்காத சத்தம் அது. அதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் முட்டையாக இருக்கலாம் போல இருந்தது ஹாலிஸுக்கு.

“கழட்டிடுறேன்.”

“உள்ள என்ன போட்டிருக்க?”

“நீள உள்ளாடை. சிவப்பு.”

“வேண்டாம் சாமி. ஆடெல்லாம் மிரண்டு கனடாவுக்கு ஓடிரும்.” சிரிப்பு சட்டென்று நின்றது. “அசையாத. உனக்கு வலது பக்கம், ஓடைக் கரையில ஒண்ணு நிக்குது. உன்னத்தான் பாக்குது.”

“ஓடுதா?”

“இல்ல. காத நிமித்திக்கிட்டு நிக்குது. பொடியா… அது உன்ன ஆடுன்னு நெனச்சிருச்சு.”

ஹாலிஸின் கை தானாக முயல் ஊதலுக்குப் போனது. பாதியில் நின்றது. முயல் போலக் கத்தும் ஆட்டை எந்தக் கயோட்டி நம்பும்?

“ஆடு மாதிரி கத்துடா” என்றார் தோரா.

“என்கிட்ட அந்த ஊதல் இல்ல.”

“ஊதல் எதுக்கு? சின்ன வயசுல சாப்பாட்டு மேசையில உக்காந்து கத்துவியே, அப்பா அடிக்கக் கரண்டிய எடுக்கற வரைக்கும். அதே மாதிரி கத்து.”

ஹாலிஸ் தொலைபேசியைப் புல்லில் வைத்துவிட்டு, வாயைத் திறந்து, தாயைத் தேடும் குட்டியாகக் கத்தினார். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அது அப்படியே வந்தது. கீழே மந்தையில் பல தலைகள் நிமிர்ந்தன. அன்று காலைதான் குட்டியைப் பறிகொடுத்த ஒரு தாயாடு மட்டும் பதிலுக்குக் கத்திக்கொண்டே சரிவேறி ஓடிவந்து, ஹாலிஸின் காதை முகர்ந்து, ஏமாந்து, ஆனாலும் போக மனமில்லாமல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

கயோட்டிக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் அதோடு தீர்ந்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது. ஹாலிஸ் ரைஃபிளில் கண் வைத்தார். உச்ச அளவில் திருகி வைத்த தொலைநோக்கிக்குள் தெரிந்தது வெறும் ரோமம். தலை எது, வால் எது, ஒன்றும் தெரியவில்லை. கயோட்டி இன்னும் நெருங்கியது. அறுபது அடி. ரைஃபிளை அப்படியே கோலின் மேல் விட்டுவிட்டு, முழங்காலுக்கடியில் கிடந்த ரவைத் துப்பாக்கியை எடுத்து, கடைசியாக ஒருமுறை கத்தினார். கயோட்டி பாய்வதற்குப் பதுங்கியது. சுட்டார். அது அங்கேயே விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடைக்குள்ளிருந்து அதன் ஜோடி கிளம்பி மேட்டை நோக்கி ஓடியது. இன்னும் நான்கு தாவு தாவினால் மறைந்துவிடும். ஹாலிஸ் இரண்டாவது ஊதலை வாயில் வைத்து அடிபட்ட கயோட்டிக் குட்டியாக வீறிட்டார். உச்சியில் அது நின்று திரும்பிப் பார்த்தது. அதற்குள் ரைஃபிளை எடுத்துத் தொலைநோக்கியைக் குறைத்துத் திருகியிருந்த ஹாலிஸ் இந்தமுறை குழம்பாமல் சுட்டார்.

முக்காட்டைத் தள்ளிவிட்டு அவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். தோரா ரப்பர் பூட்ஸோடு சேற்றில் வழுக்கி வழுக்கி மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“நல்ல ரோமம்.”

“பாவம், அதுங்களுக்கும் பசிதான்.”

“எனக்குந்தான் பசி. காலையிலேந்து ஒண்ணும் சாப்பிடல. வா, ஆட்டுக்கு என்ன போடட்டும், புல்லா, பன்றிக்கறி சாண்ட்விச்சா?”

சாப்பிட்டுவிட்டுத் துப்பாக்கிகளை அக்கா வீட்டில் வைத்துப் பூட்டி வண்டியைக் கிளப்பும்போது மணி ஒன்று இருபத்தைந்து. உடுப்பை மாற்ற நேரம் இல்லை. கழற்றினால் சிவப்பு. ஆகவே முழங்கால் வரை சேறு அப்பிய வெள்ளை உடுப்போடு பேருந்தை ஓட்டி, சரியாக இரண்டே காலுக்குப் பள்ளி வாசலில் கதவைத் திறந்தார் ஹாலிஸ். முதல் வகுப்புப் படிக்கும் மேபெல் படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஹாலிஸ், நீங்க பனிமனுஷனா?”

“இல்ல கண்ணு. ஆடு.”

நிரூபித்தும் காட்டினார். அதற்கப்புறம் பத்தொன்பது பிள்ளைகளும் பத்தொன்பது மைலுக்கு ஆடுகளாகவே வந்தார்கள். பாதி வழியில் பள்ளி அலுவலகத்திலிருந்து வண்டி ரேடியோ கரகரத்தது. “பதினோராம் நம்பர், பஸ்ஸுல என்ன அது சத்தம்?”

“கால்நடை ஏத்தியிருக்கேன்மா” என்றார் ஹாலிஸ்.

புதன்கிழமை ஒரு குட்டியும் போகவில்லை. வியாழக்கிழமையும் போகவில்லை. வெள்ளிக்கிழமை லாரி வந்து நின்றபோது தோரா ஓட்டுநருக்குக் காப்பியும் காட்டுச் செர்ரி ஜாம் ஒரு பாட்டிலும் கொடுத்து, காலி வண்டியாகத் திருப்பி அனுப்பினார். அன்று மாலை ஹாலிஸைக் கூப்பிட்டு, மந்தை இருக்கப்போகிறது, ஆனால் அடுத்த வருடம் குட்டிகள் தன் கண்ணெதிரே பிறக்க வேண்டும், அடுப்படி ஜன்னலுக்கு நேரே சின்னதாக ஒரு பட்டி அடைக்கலாமா என்று கேட்டார். அடைப்பதற்கு முன்னால் சாமான் தேர்ந்தெடுக்க வேண்டுமே என்றார் ஹாலிஸ்.

கோடை முழுவதும் தேர்ந்தெடுத்தார். என்ன மரத்தில் கம்பம், எத்தனை அடி இடைவெளி, கம்பி எவ்வளவு தடிமன். லானி கம்பத்துக்குக் குழி தோண்ட வந்தார், கேலி செய்யவும் வந்தார். செப்டம்பரில் கம்பி இழுத்து முடித்தார்கள். அக்டோபர் முதல் சனிக்கிழமை கதவு மாட்டினார்கள். விரல் நுனியால் தள்ளினாலே திறக்கும் கதவு. தாழ்ப்பாளுக்கு மட்டும் ஹாலிஸ் மூன்று விதம் வாங்கி வந்து கம்பத்தின் மேல் வரிசையாக வைத்து, மாறி மாறிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று போனார்.

கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. தோரா அதை வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்.