பாதியில் திரும்பிய ஜீப்

என் மனைவி திருவிடந்தைக் கடலோரத்தில் பிறந்தவள். முதுகில் ஆபரேஷன் முடிந்து செங்கல்பட்டு வீட்டில் படுத்திருந்தவள், கடலைப் பார்க்க ஏங்கினாள். அழைத்துப் போவதற்காக என் பழைய ஜீப்புக்குப் புது ஷாக் அப்சார்பர்கள் வாங்கினேன். விறைப்பானவைதான் குலுக்கலைத் தாங்கும் என்று நம்பினேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. பின்சீட்டில் படுத்திருந்த அவள் வலியில் அலறினாள். பயந்துபோய் ஜீப்பைத் திருப்பினேன்.

"கொஞ்ச தூரந்தாங்க கீது, போயிடலாங்க" என்று அழுதாள்.

முதுகுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகே எனக்கு உயிர் வந்தது. ஆனால் இன்னும் சில வாரம் பயணம் கூடாது என்றுவிட்டார்.

"இது லோடு வண்டிக்குப் போடுறது அண்ணாத்த" என்றார், ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக். மிருதுவானவற்றை மாட்டினோம்.

இப்போதெல்லாம் வண்டியில் எதை மாற்றினாலும், நண்பரை ஓட்டச் சொல்லி நானே பின்சீட்டில் படுத்துப் பார்க்கிறேன். அப்படிக் கடல்வரை போய்வந்த அன்று, அவள் என் சட்டைக் கையை இழுத்து முகர்ந்தாள்.

"அலை பெருசா கீதாங்க?" என்று கேட்டாள்.