ஒச்சம்மாள் பட்டறையில் எண்ணெய்க்கு இடமில்லை

சமயநல்லூரில் திண்டுக்கல் சாலையோரம் இருக்கும் ஒச்சம்மாளின் பட்டறைக்குள் வடையும் கையுமாக யாரும் நுழைய முடியாது. வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கும். இரும்பு வெட்ட வந்தவர் பெரிய கான்ட்ராக்டரே ஆனாலும் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வேலை நாளில் அவள் தலையிலும் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆசை தீர எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். திங்கட்கிழமை சீயக்காய் போட்டு அதை விரட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவாள்.

எல்லாம் இரும்பு வெட்ட வைத்திருக்கும் அந்தக் கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டருக்காக. வருகிறவர்கள் அதைக் 'காத்து' என்றுதான் சொல்வார்கள். "அக்கா, சட்டையெல்லாம் தூசி, கொஞ்சம் காத்து அடிச்சு விடுங்க" என்று எவராவது கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அது வெறும் காத்து இல்ல. துணியில இறங்கி உக்காந்துக்கிரும். அப்புறம் ஒரு பொறி பட்டாலும் ஆளோட பத்திக்கிரும்" என்பாள்.

அவள் கணவன் முத்திருளன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். "எங்க வீட்டுல எனக்குக்கூட இம்புட்டு மரியாதை கிடையாது" என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிவான். அவள் சிரிப்பாளே தவிர மறுக்க மாட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. வாடிப்பட்டியில் விவசாயம் பார்க்கும் அண்ணன் காளை, அவள் நெருப்பால் இரும்பு வெட்டும் கேஸ் கட்டிங் பழகிய நாளிலிருந்து பேசுவதில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு நெருப்பு வேலை" என்று கேட்டுவிட்டுப் போனவர் பட்டறை திறந்த அன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அவளும் ரோஷக்காரி, போய்க் கூப்பிடவில்லை. ஆனால் வாடிப்பட்டி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் கண் தன்னால் அந்தப் பக்கம் போய்விட்டு வரும்.

அந்தக் காளைதான் இந்த விஜயதசமி காலையில் தோளில் துண்டும், ஒரு கையில் ஆங்கிள் இரும்பும், மறுகையில் நல்லெண்ணெய் பாட்டிலுமாக வந்து இறங்கினார். ஒச்சம்மாள் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். பட்டறை வாசலில் நின்ற முத்திருளனுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் கையில் பட்டறைச் சாவியைத் திணித்துவிட்டு டீ வாங்க ஓடினான்.

முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு சாமான்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. காளைக்கு அது போதவில்லை. அவர் வீட்டில் ஏர் முதல் மோட்டார் வரை எண்ணெய் பூசி மினுக்காமல் பூஜை கிடையாது. இவளோ வெறும் பொட்டோடு விட்டிருக்கிறாளே என்று இருந்தது. கையில் இருந்ததோ தன் காட்டு எள்ளைச் செக்கில் ஆட்டித் தங்கச்சிக்கென்றே கொண்டுவந்த எண்ணெய். துண்டை அதில் நனைத்துச் சுத்தியல், நெருப்பைப் பீய்ச்சும் கட்டிங் டார்ச், சிலிண்டரின் வால்வு, அதில் மாட்டியிருந்த ரெகுலேட்டர் என்று ஒன்று விடாமல் தேய்த்தார். பாசத்தோடு அழுத்தியே தேய்த்தார்.

ஒச்சம்மாள் வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. அவர் நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

"கெணத்து மோட்டார் ரூமுக்கு ஒரு கதவு வேணும். இன்னைக்கு மொத வேலையா உன் கையால நெருப்பு வச்சு வெட்டிக் குடு, ஆத்தா" என்று வால்வு திறக்கும் சாவியை நீட்டினார்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் தனக்குத் தெரிந்த வழியில் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. சந்தோஷமாகச் சாவியை வாங்கி வால்வில் வைக்கப் போனாள். அப்போது நல்லெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது.

கை நின்றுவிட்டது. திறந்தால் உயிருக்கு ஆபத்து. திறக்காவிட்டால் அண்ணன் மறுபடி போய்விடுவார். இத்தனை வருடம் கழித்து வந்த மனிதர் எண்ணெயோடுதானா வர வேண்டும் என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அண்ணே, இன்னைக்கு நெருப்பு வைக்க முடியாது."

"ஏன், நான் தொட்டது ஆகாதா?"

"நீ தொட்டது ஆகும், உன் எண்ணெய்தான் ஆகாது. ஆக்சிஜன் தானா எரியாது, ஆனா மத்ததை வெறி புடிச்ச மாதிரி எரிய வைக்கும். அம்புட்டு அழுத்தத்துல எண்ணெய் மேல பாஞ்சா தீக்குச்சியே வேண்டாம், தன்னாலயே பத்தும். நீயும் மிஞ்ச மாட்ட, நானும் மிஞ்ச மாட்டேன்."

"துணியால தொடச்சுட்டா?"

"இடுக்குக்குள்ள ஏறியிருக்கும்ணே. விவரத்தைச் சொல்லி சிலிண்டரைத் திருப்பி அனுப்பணும். ரெகுலேட்டரையும் டார்ச்சையும் மாத்தணும்."

காளையின் முகம் சுருங்கிப்போனது. பாட்டிலை மூடினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி, நான் வாரேன்" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

ஒச்சம்மாள் கெஞ்சுகிற ரகம் இல்லை. ஆங்கிள் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் இறுக்கி, அறுக்கும் ரம்பத்தை எடுத்துக் கரகரவென்று இழுக்க ஆரம்பித்தாள்.

"மொத வேலை உன் கதவுதான், அதுல மாத்தம் இல்ல. ஒத்தையா இழுத்தா பொழுது சாஞ்சிரும். வந்து அந்த முனையைப் பிடி."

காளை வாசலில் நின்றார். பாட்டிலைக் கீழே வைத்தார். வந்து பிடித்தார்.

இவள் தள்ள, அவர் இழுக்க, பாதி இரும்பு போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கை சிவந்துவிட்டது.

"ஏத்தா, நெருப்புன்னா இதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

"இந்நேரம் கதவையே மாட்டியிருக்கலாம்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப அந்த வேலைதான்த்தா வேலை" என்றார்.

முத்திருளன் டீயோடு வந்தபோது அண்ணனும் தங்கையும் ரம்பத்தை நடுவில் விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மிச்ச எண்ணெய் அன்று மதியமே பணியாரச் சட்டிக்குப் போனது.

அடுத்த வாரம் புது சிலிண்டரும் ரெகுலேட்டரும் டார்ச்சும் வந்ததும் மீதி இரும்போடு காளை மறுபடி வந்தார். என்றைக்கும் எண்ணெய் வழியும் அவர் தலைமுடி காய்ந்து துடைப்பம் மாதிரி குத்திட்டு நின்றது. வாளித் தண்ணீரில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"இப்ப உள்ள வரலாமாத்தா?"

ஒச்சம்மாள் கையை முகர்ந்து பார்த்தாள். "வாண்ணே" என்றாள்.

ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று வால்வை மெல்லத் திறந்தாள். அண்ணன் பக்கத்தில் நின்று பார்க்க அவள் நெருப்பு வைத்தது அதுதான் முதல் தடவை.