வாரண்டிக்காகக் கழற்றிய விளக்குகள்

வேன் வாங்கிய முந்நூற்றுப் பத்தாம் நாள் கியர்பொக்ஸ் இரையத் தொடங்கியது. வாரண்டி ஒரு வருடம். ஆனால் வெளியில் எதையாவது வாங்கிப் பூட்டினால் அது செல்லாதாம். நான் பனிமூட்டத்துக்காக மஞ்சள் விளக்குகள் பூட்டியிருந்தேன். விளக்குக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் துணிவில்லை. அவற்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேன் விற்ற நுவரெலியா கம்பனிக்குப் புறப்பட்டேன்.

நானுஓயா தாண்டியதும் மூட்டம் ரோட்டை மறைத்தது. திடீரென்று கண்ணாடிக்கு முன்னால் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண். பிரேக்கை மிதித்தேன். வேன் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"என்னைக் கொல்லவா வந்தீங்க? இந்த மூட்டத்துல மஞ்ச லைட்டு இல்லாம யாருங்க வருவாங்க?"

வேனை ஓரங்கட்டி, மூட்டம் விலகும்வரை அரை மணிநேரம் நின்றேன்.

கம்பனியின் விதி அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பயந்து விளக்கைக் கழற்றியது என் கை.