இசக்கிபாண்டி ரிஜெக்ட் செய்த விடை

கம்பெனி பஸ் வருவதற்குள் ஒரு கணக்காவது போட்டாக வேண்டும் இசக்கிபாண்டிக்கு. ஒரகடம் நிறுத்தத்தில் டிபன் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைபேசியில் x² + y² = 25 என்று தட்டுவான். இரண்டாம் வகைக்கெழுவைக் கண்டுபிடித்துத் தரும் இணையதளம் உடனே விடையைக் காட்டும். வழிமுறையைக் காட்ட மட்டும் சந்தா கேட்கும். “விடைய சும்மா தாரான், வழிக்குத்தான் துட்டு கேக்கான். நான் கோட்டிப்பயன்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு” என்பான்.

நாங்குநேரிப் பக்கத்துக்காரன். டிப்ளமோவில் கணக்கு மட்டும் அரியர். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. பயிற்சிக்காலத்துக்குள் அரியரை முடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரும்புப் பின்களை அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்ப்பது அவன் வேலை. நுழையாவிட்டால் யோசிக்கக் கூடாது; சிவப்புக் கோடு போட்டு ரிஜெக்ட் தொட்டியில் போட வேண்டும். யோசிக்க வேண்டாத வேலை என்பதால்தான் அதில் தனக்கு நல்ல பெயர் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

தேர்வில் அதே கணக்கு வந்தது. வியர்த்து விறுவிறுத்து, முழுப் பக்கத்துக்குத் தானே போட்டான். விடை −(x² + y²)/y³ என்று வந்தது. நிறுத்தத்தில் கைபேசி காட்டி அவன் மனப்பாடம் செய்திருந்ததோ −25/y³. பொருந்தவில்லை. பழகிய கை மூலைக்கு மூலை கோடிழுத்து மொத்தத்தையும் அடித்தது. கைபேசியின் விடையை மட்டும் கீழே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். x² + y² என்றாலே இருபத்தைந்துதான் என்று கேள்வியிலேயே அச்சடித்திருந்ததும், இரண்டும் ஒரே விடைதான் என்பதும் திரும்பும் பஸ்ஸில்தான் அவனுக்கு உறைத்தன.

முடிவு வந்தது. அந்த ஒரு கணக்கின் மார்க்கில் பெயில். அன்று அறையில், சரியான விடையை அடித்த கதையை நடித்தே காட்டினான். “நல்ல பீஸ ரிஜெக்ட் பண்ண ஒரே இன்ஸ்பெக்டர் நாந்தாம்லே.” அறைத்தோழன் வனமாமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், “ஏலே, அடுத்த பரீச்சையும் போச்சுன்னா வேலைல வச்சிருப்பானுவளா?” என்றான்.

இசக்கிபாண்டி தட்டைக் கழுவ எழுந்து போனான். அவனுக்குப் பயமாக இருந்தது. பயிற்சிக்காலத்துக்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் வரும்.

மறுநாள் லைனில் ஒரு பின் நுழையவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தவன் அப்படியே நின்றான்.

“இன்னா பாண்டி, லைன் நின்னுகினு கீது?” என்றார் சூப்பர்வைசர் ஸ்ரீதர்.

“ஒரு நிமிசம் சார்.”

பேனாவை வாயில் கவ்விக்கொண்டு, பின்னைச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் கேஜில் வைத்தான்.