சுருதி சேராத ஃபேனும் சூடான டிஸ்க்கும்

சென்னையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்கு வருஷத்துக்கு ஓர் அறுவடைக் காலம் உண்டு; அதற்குப் பெயர் அக்கினி நட்சத்திரம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று ஸ்கூட்டரில் சுற்றி, வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொண்டிருந்தேன். ஹார்டு டிஸ்க் என்பது ஒரு சின்ன உலோகப் பெட்டி. அதற்குள் பளபளப்பான தட்டு ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுவதால் சூடாகும். வேர்த்தால் விசிறிக்கொள்ள அதற்குக் கை கிடையாது; நாம்தான் காற்று விட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை, வீட்டில் கம்ப்யூட்டரோடு மே மாதத்தைக் கடந்த நீங்களும் பட்டிருப்பீர்கள். ஒரே ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீடு ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

பூ வேலை செய்த உறை

ராமநாதன் மாமா பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கேசட்டுகளில் சேர்த்து வைத்திருந்த கச்சேரிகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நிரப்பியிருந்தார். கூடத்திலிருந்து சமையலறைக்கும் மொட்டை மாடிக்கும் ஒயர் இழுத்து ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். காலையில் ஒரு தட்டுத் தட்டினால் வீடு முழுக்கப் பாட்டு. இதற்கு என்ன பெயர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தத் தெருவில் ‘பாட்டு கம்ப்யூட்டர் வீடு’ என்று சொன்னால் வழி காட்டுவார்கள்.

பல்லவியில் தொடங்கும் பாட்டு சரணம் வருவதற்குள் நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர், கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிக்குள் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெட்டிக்கு, பூ வேலை செய்து, அடியில் லைனிங் வைத்துத் தைத்த கெட்டித் துணியில் ஓர் உறை. உறையைக் கழற்றித் தொட்டேன். தோசை வார்க்கலாம் போலிருந்தது. உறையைத் தைத்தவர் மாமாவின் மனைவி அலமேலு மாமி. நான் கையை உதறுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தூசி படக் கூடாதேன்னு போட்டேன். உள்ள இருக்கறவருக்குப் புழுங்கும்னு யாரு கண்டா?”

அரைக் கட்டை தள்ளி

அலமாரியிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து வைத்தேன். உள்ளே இரண்டு டிஸ்க்குகளும் இட்லித் தட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று நெருக்கமாக இருந்தன. நடுவில் காற்று புகும்படி ஒன்றைக் கீழ்த் தட்டுக்கு இறக்கினேன். முன்பக்கம் ஒரு சின்ன ஃபேனும் பொருத்தினேன். நன்றாக ஓடியது. கொஞ்ச நாளில் மறுபடி அழைப்பு. திறந்து பார்த்தால், ஃபேனின் ஒயரைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது.

“யார் மாமா இதைப் பிடுங்கினது?”

“நான்தான்,” என்றார் பெருமையாக. “ஊம்னு ஒரு சத்தம் போடறதே, நீ கேக்கலையா? பாடறவர் ஒரு சுருதியில இருக்கார், உன் ஃபேன் அரைக் கட்டை தள்ளி நிக்கறது. எத்தனை நாழி சகிச்சுக்கறது?”

சுருதி சேர்கிற ஃபேன் இருக்கிறதா என்று, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பெரிதாக, மெதுவாகச் சுற்றுகிற ஃபேன் ஒன்றைத் தேடி வாங்கி வந்து மாட்டினேன். மாமா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பிறகு தீர்ப்பு வந்தது: “பரவாயில்லை. இது தம்புரா மாதிரி கூடவே வர்றது.”

வாசலில் ஒரு ரகசியம்

ஆனால் முன்பு பட்ட சூட்டிலேயே ஒரு டிஸ்க் நொந்து போயிருந்தது. ஆறியிருக்கும்போது ஓடும், கொஞ்சம் சூடேறியதும் டிக், டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். எனக்கு இது பழகிய காட்சி. “கவலைப்படாதீங்க மாமா. கேசட்டெல்லாம் இருக்கில்ல, வேற டிஸ்க்குல மறுபடி ஏத்திக்கலாம்,” என்றேன்.

மாமா என் முழங்கையைப் பிடித்து வாசல் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். “குமார், மாமி ஒரே ஒரு தடவை ரேடியோவுல பாடியிருக்கா. பையன் ஸ்கூல்ல படிக்கறச்சே. அது இந்த டிஸ்க்லதான் இருக்கு.”

“அதோட கேசட்?”

“கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, நல்ல கேசட்டு, வீணாக் கிடப்பானேன்னு அது மேலயே வேற ஒண்ணை ரெக்கார்ட் பண்ணிட்டேன். அவளுக்குத் தெரியாது.”

“அது மேல என்ன ரெக்கார்ட் பண்ணினீங்க?”

சமையலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மாமா குரலைத் தாழ்த்தினார்: “பொறுமையைப் பத்தி ஒரு உபன்யாசம். அவளுக்கு விஷயம் தெரியறதுக்கு முன்னாடி, அதை அவ கேட்டுட்டாத் தேவலை.”

ஆட்டோவில் நோயாளி

டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராக வைத்துப் பார்த்தோம். அந்தக் கூடத்துக் காற்றே சூடு. ஃபேன் என்ன செய்யும்? டிஸ்க் மாமியின் பாட்டு வரை போகாமலே படுத்துவிட்டது. நல்ல ஏசி வேண்டும். தி. நகரில் பஷீர் பாயின் ஜவுளிக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பட்டுப் பிரிவில் உட்காருகிறவர்கள் மே மாதத்திலும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். போன் செய்தேன். “எடுத்துட்டு வாங்க தம்பி,” என்றார் பாய்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். “எங்க கிளம்பறேள்?” என்று மாமியின் குரல். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. “தி. நகர்... ஜவுளிக் கடைக்கு” என்றார். அவ்வளவுதான். அடுப்பை அணைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் மாமி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார்.

பெட்டி என் மடியில். ஸ்பீக்கர் மாமா மடியில். “பொட்டில இன்னா சார் கீது?” என்று ஆட்டோ ஓட்டுநர் கேட்டார். கம்ப்யூட்டர் சூடாகிவிடுகிறது, அதனால் ஏசி உள்ள புடவைக் கடைக்குக் கொண்டு போகிறோம் என்று உள்ளதைச் சொன்னேன். தேனாம்பேட்டை சிக்னல் வரை கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி, மாமாவிடம் கேட்டார்: “நானுந்தான் நாள் பூரா வெயில்ல சுத்திக்கினு கீறேன். என்னிய ஒரு நாளாச்சும் எங்க வூட்ல புடவைக் கடைக்கு இட்டாந்து குந்த வச்சாங்களா நைனா?”

பட்டுப் பிரிவு

பஷீர் பாய் ஏசிக்கு நேர் கீழே ஒரு மேஜையைக் காலி செய்து வைத்திருந்தார். “பட்டுக்கும் இதுக்கும் ஒரே வைத்தியம்தான் தம்பி, வெயில் ஆகாது,” என்றார். மாமி தூரத்தில் ஒரு விற்பனையாளர் முன்னால் உட்கார்ந்து, அரக்கு நிறப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்து, கடையின் கம்ப்யூட்டர் திரை ஒன்றையும் புது டிஸ்க் ஒன்றையும் இணைத்தேன். பழைய டிஸ்க் நன்றாகக் குளிரும் வரை காத்திருந்து, மின்சாரம் கொடுத்தேன். சுற்றியது. மாமா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதலில் அந்த ஒரு பாட்டைப் புது டிஸ்க்குக்கு மாற்ற ஆரம்பித்தேன். திரையில் நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பாதியில் ஒரு தடவை நின்றது. மாமா மூச்சையும் நிறுத்தினார். பிறகு நகர்ந்து முடிந்தது.

முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்பீக்கரை மாட்டினேன். “மெதுவா வை, மெதுவா,” என்று சொல்லிக்கொண்டே மாமா தானே திருகினார், எதிர்ப் பக்கமாக. பேகடா ராகத்தில் ஓர் இளம் குரல் பட்டுப் பிரிவு முழுவதையும் நிறைத்தது. விரித்த புடவையை அந்தரத்தில் பிடித்தபடி விற்பனையாளர் நின்றுவிட்டார். தோளில் புடவையும் அதில் தொங்கும் விலைச் சீட்டுமாக மாமி எழுந்து வந்தார். பாட்டு முடியும் வரை நின்று கேட்டார்.

“நானா இது? நன்னாத்தான் பாடியிருக்கேன்,” என்றார். “இதைப் போய் ஏன் இங்க வந்து கேக்கணும்? ஆத்துல கேசட் இருக்கே?”

மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேசட், உபன்யாசம், டிஸ்க், எதையும் விடவில்லை. பஷீர் பாய், ஏற்கெனவே மடித்திருந்த புடவையை இன்னொரு முறை மடித்தார். மாமி தோளிலிருந்த புடவையை எடுத்து விற்பனையாளரிடம் கொடுத்தார். “இதைக் கட்டுங்கோ. அந்த மயில்கழுத்துக் கலரையும் சேர்த்து.” பிறகு மாமாவைப் பார்த்துத் திரும்பினார்: “பாட்டு போயிடுமேன்னு பெட்டியைத் தூக்கிண்டு ஊரெல்லாம் அலைஞ்சேளே, பாடினவ சமையக்கட்டுலயேதானே இருந்தேன்? இன்னொரு தடவை பாடறியான்னு ஒரு வார்த்தை கேட்டேளா?”

எத்தனையோ டிஸ்க்குகளைக் குளிர வைத்த என் தொழிலில் நான் கைவிட்ட கேஸ் ஒன்றே ஒன்றுதான்: ஏசிக்கு நேர் கீழே நின்றும் வேர்த்துக் கொட்டிய ராமநாதன் மாமா.