யூச்சின் வரைந்த வாய்

லியூதாங் ஊரில் அடுப்புச்சாமி படம் என்றால் அது யூச்சின் கைப்படம்தான். அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொண்டு வருஷம் முழுக்கப் புகை குடிக்கிற அந்தச் சாமிக்கு ஒரே உத்தியோகம். வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு, வருஷக் கடைசியில் வானத்து அரசரிடம் போய் ஒப்பிக்க வேண்டும். ஊரார் அவரைச் சும்மா அனுப்பிவிடுவார்களா? படத்தை எரித்து அவரை மேலே அனுப்பும் முன் பிசுபிசுக்கும் பாகை எடுத்து வாயில் அப்பிவிடுவார்கள். போன இடத்தில் இனிப்பாகப் பேசினால் சரி, வாய் ஒட்டிக்கொண்டு பேசாமலே நின்றால் இன்னும் சரி. அதற்காகவே யூச்சின் வாயை மட்டும் அகலமாக வரைவாள்.

"பாகு பூச இடம் வேணாமா?" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் சாமிகளுக்கு வேலை போயிற்று. மூடநம்பிக்கை என்று, அவள் படம் செதுக்கி அச்சடிக்கிற மர அச்சுக்கட்டைகளைக் கட்சிக்காரர்கள் எரித்தார்கள். வீட்டு இரும்புச் சட்டிகளெல்லாம் உருக்கும் உலைக்குப் போயின. சட்டி இல்லாத வீட்டுக்கு அடுப்பு எதற்கு, அடுப்பு இல்லாத வீட்டுக்குச் சாமிதான் எதற்கு! ஊருக்கெல்லாம் ஒரே பொதுச் சமையற்கூடம். யூச்சினின் புருஷனை அணை கட்ட அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவளும், ஆறு வயது மகள் சியாவ்மாயும்.

கம்யூன் என்ற கூட்டுப்பண்ணையின் செயலாளர் ஃபாங் அவளைத் தேடி வந்தார்.

"சாமிக்கு மீசை போட்ட கைதானே? இனிமே மக்களுக்காகப் போடு. களத்துச் சுவர் முழுக்க நம்ம விளைச்சல் தெரியணும்."

அவள் வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு பூசணிக்காய் வரைந்தாள். ஃபாங் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

"என்னம்மா இது, சுண்டைக்காயா?"

அழித்துவிட்டு, ஒரு குடும்பமே ஏறித் துடுப்புப் போடுகிற மாதிரி பூசணிக்காய் வரைந்தாள். சோளக்கதிர் நிலாவைக் குத்தியது. பன்றி முதுகில் ஆட்கள் ஏணி வைத்து ஏறினார்கள். சமையற்கூடத்து ஹூ வந்து வாய் பிளந்து நின்றான். அம்மைத் தழும்பு முகம், முன்பல் ஒன்று கிடையாது, அந்தக் காலத்தில் பண்ணையார் வீட்டில் சமைத்தவன்.

"அண்ணி, பன்னியோட வாலை மட்டும் இறக்கிக் குடுங்க. ஒரு வருஷத்துக்கு ஊருக்கே குழம்பு வச்சிடறேன்."

"வாலை அறுத்தா அது திரும்பிப் பாக்கும். அப்புறம் உங்க சமையற்கூடமே இருக்காது, ஹூ அண்ணே."

சிரித்தார்கள். யூச்சினுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பன்றியைவிடப் பெரிய பொய்.

மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்தார். வயலுக்குப் போகிற பாதை சேறு. சுவரோ காரை விட்டு இறங்கிய இடத்திலேயே இருந்தது. வெகுநேரம் சுவரையே பார்த்தார்.

"நிஜமா இவ்வளவு விளையுதா?"

"சுவர்ல இடம் பத்தலைங்க," என்றார் ஃபாங்.

பாராட்டாக ஃபாங்கின் சட்டையில் சிவப்புப் பட்டுப்பூ ஏறியது. அறுப்பு முடிந்ததும் வண்டிகள் வந்தன. வயலில் விளைந்த கணக்குக்கு அல்ல, சுவரில் விளைந்த கணக்குக்கு ஏற்றிக்கொண்டு போயின. விதைநெல்லும் போயிற்று. களஞ்சியத்தைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்த எலிகள்கூட ஊரைக் காலி செய்துவிட்டன.

அடுத்த வருஷமும் அதே கதை. அந்தக் குளிர்காலத்துக் கஞ்சியில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்றான் ஹூ. அப்புறம் அவனும் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டான். சியாவ்மாயின் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் விழுந்த குழி எழும்பவில்லை. அந்த மாதிரிக் கால்களோடு படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்பது யூச்சினுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பாயில் பார்த்திருக்கிறாள்.

வசந்தத்தில் ஃபாங் மறுபடி வந்தார். பெரிய அதிகாரி வரப்போகிறாராம். சுவரைப் புதிதாக, இன்னும் கொழுப்பாக வரைய வேண்டுமாம். பட்டணத்திலிருந்து சாயப்பொடியும், சாயம் சுவரைப் பிடித்து நிற்க ஒரு மூட்டை மாட்டுத்தோல் பசையும் வந்தன. மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவன் ஹூ. கட்டி கட்டியாக, பழுப்பு நிறத்தில், வெல்லம் மாதிரிப் பசை. எந்த வீட்டில் புகை வந்தாலும் ஆள் வந்து கேட்கிற காலத்தில், பசை காய்ச்ச யூச்சினுக்கு மட்டும் ஒரு சட்டியும் நெருப்பும் அனுமதி.

பட்டப்பகலில், களத்துச் சுவரடியில், எல்லார் கண்ணெதிரிலும் காய்ச்சினாள். சியாவ்மாயை மடியில் சாய்த்து, அந்தப் பசைச் சாற்றைச் சாயக் கிண்ணத்திலேயே ஊற்றிக் கொடுத்தாள்.

"அம்மா, இது என்ன?"

"பன்னிக் குழம்பு. சுவர்ல இருக்கே, அதோட வால்."

சாயத்தை வெறும் தண்ணீரில் கரைத்தாள். சுவர் பளபளவென்றுதான் இருந்தது. வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு ஹூ வந்தான். சட்டியைப் பார்த்தான், குழந்தையின் உதட்டைப் பார்த்தான்.

"பாகு நல்லாக் காய்ஞ்சிருக்கு அண்ணி. என் வாயிலயும் கொஞ்சம் பூசுங்க."

ஒரு கிண்ணம் கொடுத்தாள். தன் பங்கைக் குழந்தைக்கே வைத்துவிட்டாள். வேலை முடிவதற்குள் மூட்டை தீர்ந்தது. சியாவ்மாயின் காலில் குழி எழும்ப ஆரம்பித்தது.

பெரிய அதிகாரி வந்த அன்று மழையும் வந்தது. முதலில் நிலாவைக் குத்திய சோளம் இறங்கியது. பூசணி மஞ்சளாக வழிந்து வாய்க்காலில் கலந்தது. பன்றி இளைத்து, எலும்பாகி, காணாமல் போயிற்று. அன்றைக்குத்தான் அந்தச் சுவர் முதல்முறையாக உண்மை பேசியது.

அதிகாரி குடைக்குக் கீழே நின்றபடி ஃபாங்கைப் பார்த்தார். ஃபாங் யூச்சினைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பசையைத் தின்றார்கள் என்று எப்படிச் சொல்வது? தின்றார்கள் என்றால் பசி என்று ஆகும். பசி என்றால் போன வருஷச் சுவர் பொய் என்று ஆகும். ஃபாங் குரலைத் தாழ்த்தினார்.

"மூட்டையை யாரு சுமந்து வந்தது? பழைய பண்ணையார் வீட்டு ஆளு ஹூதானே? வழியில நல்ல பசையை மாத்திட்டு வேற எதையோ வச்சிருக்கான். அப்படித்தானே? யோசிச்சுச் சொல்லு. உனக்கு ஒரு குழந்தை இருக்கு."

ஹூ சமையற்கூடத்து வாசலில் மழையில் நின்றிருந்தான். அவளையே பார்த்தான். கெஞ்சவில்லை. அந்தக் கிண்ணத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை.

யூச்சின் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஹூவை அன்றே கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. சியாவ்மாய் பிழைத்தாள். வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவும் ஆனாள். "சின்ன வயசுல ஒரு பன்னிக் குழம்பு வச்சியேம்மா, அந்த ருசி அப்புறம் வரவே இல்லை" என்று பண்டிகைதோறும் சொல்வாள். யூச்சின் அடுப்பை ஊதுவாள்.

காலம் மாறிச் சாமிகளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. யூச்சின் புதிதாக அச்சுக்கட்டை செதுக்கினாள். சந்தையில் அவள் படம்தான் முதலில் தீரும். சாமியின் கன்னத்தில் எதற்கு அம்மைத் தழும்பு, ஒரு பல் எங்கே என்று கேட்டவர்களுக்கு, மரத்தில் கணு என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற ஃபாங்கும் ஒரு படம் வாங்கிப் போனார். "கை இன்னும் அப்படியே இருக்கு" என்று மெச்சினார். அவர் வீட்டில் பாகு தாராளமாகவே பூசுவார்கள்.

தன் வீட்டுச் சாமிக்கு மட்டும் அவள் பாகு பூசவில்லை.

"மறந்துட்டியாம்மா?" என்றாள் சியாவ்மாய், கிண்ணத்தோடு.

"வேணாம். வை கீழே. அவன் போய்ச் சொல்லட்டும்."

படத்துக்குத் தீ வைத்தாள். அகலமான வாயோடு, ஒரு பல் குறைய, புகையாக மேலே போனான். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் அனுப்பினாள். மேலே இருந்து விசாரிக்க இன்றுவரை ஒருவரும் வரவில்லை.