கமலம் கிளறிய சக்கை வரட்டி

மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த மாடி அறைக்குள் எப்போதும் சுக்கும் மிளகும் கலந்த வாசனைதான். கீழே தெரு முழுக்கக் கிடங்குகள். துவைத்துக் காயப்போட்ட புடவையில்கூட அந்த நெடி இருக்கும்...

எண்பதுகளின் தொடக்கம். நான் மதுரையிலிருந்து ஓர் ஏற்றுமதி ஆபீசுக்கு டைப்பிஸ்ட்டாக வந்திருந்தேன். கூட இருந்தவள் கமலம். அதே ஆபீஸ், பாலக்காட்டுப் பக்கம் சித்தூர். அவள் தமிழில் பாதி மலையாளம்.

ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், நாலு பாத்திரம். ஃபிரிட்ஜ் எல்லாம் மேனேஜர் வீட்டில் பார்த்ததோடு சரி.

எனக்குச் சமையல் தெரியாது. வந்த புதிதில் வாழைக்காயைச் சீவிவிட்டுத் தோலைக் குப்பையில் போடப் போனேன்.

"எடி, தோலைக் களையாதே! பயறு போட்டுத் தோரன் வெக்கலாம்."

தோரன் என்றால் பொரியல். களைவது என்றால் அவளுக்குத் தூக்கி எறிவது. அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது அந்த வார்த்தையைத்தான். மோர் ரொம்பப் புளித்தால் குழம்பாகும். நேற்றைய மீன் கறிக்கு இன்று கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு. எங்கள் அறையிலிருந்து வெளியே போனது டீத்தூளும் மீன்முள்ளும்தான். முள்ளுக்கும் மதில்மேல் ஒரு பூனை காத்திருக்கும்.

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. கீழே குடியிருந்த எங்கள் வீட்டுக்காரர் மேரி சேச்சி, ஆலுவாவில் தம்பி வீட்டில் காய்த்த பலாப்பழம் ஒன்றை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தார். கமலத்துக்கு அது சக்கை. இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய பழம்!

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தோம். கொட்டைகளைக் கழுவிக் குழம்புக்கு எடுத்து வைத்தோம். தோலையும் நார்ச் சடையையும் தெருவில் திரிகிற ஆடுகளுக்குப் போட்டோம். ஆபீசுக்குக் கொஞ்சம் சுளை. அப்படியும் ஒரு குண்டான் நிறைய மிச்சம்.

கமலம் மேரி சேச்சியிடம் வெண்கல உருளி கடன் வாங்கி வந்தாள். சுளைகளை நறுக்கி, வேகவைத்து, வெல்லம் சேர்த்து, நெய் விட்டு, மாற்றி மாற்றிக் கிளறினோம். கை விட்டுப்போயிற்று.

"இவ்வளவையும் யாருடி திங்கிறது?" என்றேன்.

"நீதான். சக்கை வரட்டி மழைக்காலம் முழுக்க இருக்கும். நீ ஒத்தைக்கு என்ன வெச்சுத் தின்னுவே?"

"நான் ஏன் ஒத்தைக்கு?"

அவள் உருளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுல கல்யாணம் உறப்பிச்சாச்சு. மாப்பிள்ளைக்கு பம்பாயில ஜோலி. இந்த மாசக் கடைசியில போறேன்டி."

"அடி பிடிக்கும், கிளறு" என்று கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் கிளறிக்கொண்டே இருந்தேன்...

அவள் போனபிறகு, பாட்டிலில் அடைத்து வைத்திருந்த வரட்டியைத் தினமும் ரொட்டியில் தடவி ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன். பிறகு அரை ஸ்பூன். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பாட்டில் காலியாகிவிடுமோ என்று பயம். அப்புறம் மூடியைத் திறந்து வாசம் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆவணி மாதம் திறந்தபோது மேலெல்லாம் வெள்ளைப் பூசணம்.

அந்த அறையில் வீணாய்ப்போன ஒரே சாப்பாடு அதுதான். களைய மனசே வராமல் அப்படியே கொஞ்ச நாள் வைத்திருந்தேன். பம்பாய்க்குக் கடிதம் எழுதியபோது, "எல்லாம் தின்னு தீர்த்துட்டேன்" என்று எழுதினேன். அடுத்த சக்கை சீசனுக்கு வருவதாகப் பதில் போட்டாள். வரவில்லை. குழந்தைகள், மாற்றல், விலாசம் மாறியது... எனக்கும் அப்படித்தான்.

இப்போது எர்ணாகுளத்தில் ஃபிளாட். பிள்ளைகள் வெளிநாட்டில், நான் தனியாள். ஃபிரிட்ஜ் நிறைய டப்பாக்கள். வாரக் கடைசியில் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்துக் கொட்டுகிறேன். "அம்மா, கம்மியா சமைங்க" என்கிறாள் மகள் போனில். அரை டம்ளர் அரிசிதான் போடுகிறேன். அதிலும் மிஞ்சுகிறது.

அன்றைக்கு எங்கள் சட்டியில் எதுவும் மிஞ்சாததற்குச் சிக்கனம்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எதிரெதிரே உட்கார்ந்து, "இதை நீ போட்டுக்கோ", "இல்லடி, நீ போட்டுக்கோ" என்று கடைசிக் கரண்டிக்குச் சண்டை போட இரண்டு பேர் இருந்தோம்...

அவ்வளவுதான்.